கையால் வைத்த செட்டிங்ஸ்

1. கோவளம் ஊமையான காலை

கோவளத்தில் வாக்கி ஆப் ஊமையான காலையில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கவலை அப்புறம்தான் வந்தது, அதுவும் மெதுவாக.

அப்போது நான் ஒரு மொபைல் கம்பெனியின் செங்கல்பட்டு ஆபீஸில் ஃபீல்டு சூப்பர்வைசர். இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது போன் அடித்தது. கோவளத்தில் மீன் ஏலம் விடும் ஸ்டெல்லா.

“அண்ணாத்த, இன்னா பண்ணி வெச்சுகீறீங்க? பட்டன அமுக்கினா டொய்ங்னு ஒரு சவுண்டு, அத்தோட சரி. போட்டுல கீற ஒருத்தன் கொரலும் வர்ல.”

“உன் போன் மட்டுமா?”

“எங்க தெருவே பேஜாராகி நிக்குது. நாஸ்தா துன்னது போதும், கெளம்பி வாங்க.”

வாக்கி ஆப் என்பது எங்கள் கம்பெனி போனில் போட்டுக் கொடுத்த ஒரு வசதி. பட்டனை அமுக்கிப் பேசினால், அந்தக் குரூப்பில் இருக்கிற எல்லார் போனிலும் குரல் தானாகக் கேட்கும். யாரும் எடுத்து ஹலோ சொல்ல வேண்டாம். படகில் இருப்பவர் கை வலையில் இருக்கும். சாதாரணமாகப் போன் அடித்தால் எடுக்க மாட்டார். அதனால் கோவளத்துப் படகுக்காரர்களுக்கு அந்த ஆப் பிடித்துப்போனது. எந்தப் பக்கம் மீன் படுகிறது, எந்தப் பக்கம் காற்று ஏறுகிறது, கரையில் இன்றைக்கு என்ன விலை, எல்லாம் அதில்தான். மாமல்லபுரத்து ஹோட்டல்காரர்கள், திருப்போரூர் லோடு வண்டிக்காரர்கள் என்று அந்தப் பக்கம் நெடுக ஆட்கள் வைத்திருந்தார்கள்.

அந்த ஆப்பில் அன்று விடிகாலையில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். செய்தவர் தமயந்தி. அது படுத்துவிட்டது என்று தெரிந்ததும் நான் இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னேன்.

2. ஒரே பெஞ்சில் இருந்து கிளம்பியவர்கள்

தமயந்தியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். செங்கல்பட்டு ஆபீஸ் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினோம். அவர் என் பேனாவை வாங்கினார், திருப்பித் தரவில்லை. இதை நான் இன்றுவரை மறக்கவில்லை என்பதிலிருந்தே என் குணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். அவர் விருதுநகர் பக்கத்துக்காரர், நான் மதுராந்தகத்துக்காரன். பயிற்சி முடிந்ததும் அவரைச் சென்னையில் சர்வர் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னை ஃபீல்டில் விட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “உங்களுக்குத்தான் ஊர் தெரியும்” என்றார்கள். ஊர் தெரிந்தது என் குற்றமா?

ஃபீல்டில் என் வேலை செட்டிங்ஸ். ஆப் போனில் இருந்தால் மட்டும் போதாது. எந்த சர்வரோடு பேச வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சர்வருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், இதையெல்லாம் அதற்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு மெனு உண்டு. சாதாரணமாகக் கண்ணில் படாது. வெர்ஷன் நம்பர் மேல் விடாமல் தட்டினால் திறக்கும்.

கம்பெனி வைத்து அனுப்பும் செட்டிங்ஸ் ஊருக்குள் ஓடும், கடலுக்குள் ஓடாது. சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் தகவல் அனுப்பும் இடைவெளி நீளமாக இருந்தால், ‘இந்த ஆள் இல்லை’ என்று சர்வர் முடிவு கட்டிவிடும். ரொம்பக் குறைத்தால் பேட்டரி மதியத்துக்குள் செத்துவிடும். கோவளம் கடலுக்கு எது தோதுப்படும் என்று நான் படகில் போய், வாந்தி எடுத்து, மறுபடி போய்க் கண்டுபிடித்தேன்.

இன்னொன்றும் செய்தேன். சர்வருக்கு ஒரு பேர் உண்டு, ஒரு நம்பரும் உண்டு. செட்டிங்ஸில் பேர்தான் இருக்கும். போன் முதலில் அந்தப் பேரைச் சொல்லி நம்பரைக் கேட்டு வாங்கும்; பிறகுதான் சர்வரிடம் போகும். கோவளத்தில் அந்தக் கேட்டு வாங்குகிற வேலை அடிக்கடி மக்கர் பண்ணியது. அதனால் நான் பேரை அழித்துவிட்டு நேராக நம்பரையே அடித்து வைத்தேன். சுற்றாமல் போய்ச் சேரும். அன்றைக்கு ஃபீல்டில் இருந்த எல்லோரும் செய்ததுதான். நான் தெருத் தெருவாகச் செய்தேன்.

எத்திராஜ் என்ற என் பேர் கோவளத்தில் யாருக்கும் தெரியாது. செட்டிங்ஸ் அண்ணாத்த, அவ்வளவுதான். காதுகுத்துக்குக் கூப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு கேக் வரும், ரம்ஜானுக்கு பிரியாணி வரும். ஆபீஸில் எனக்கு மரியாதை குறைந்த நாட்களில் எல்லாம் நான் ஏதாவது சாக்கு வைத்துக் கோவளத்துக்குப் போய்விடுவேன்.

3. மேஜை மேல் வரிசையாகப் போன்கள்

தமயந்தி ஒருநாள் செங்கல்பட்டுக்கு வந்தார். எங்கள் தலைவர் ராகவன் சார் எல்லோரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். தமயந்தி எங்கள் போன்களை வாங்கி மேஜை மேல் வரிசையாக வைத்து, “யாரும் தொடாதீங்க, பாத்துட்டு மட்டும் இருங்க” என்றார். லேப்டாப்பில் ஏதோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் அத்தனை போனிலும் வாக்கி ஆப்பின் செட்டிங்ஸ் மாறியிருந்தது.

விஷயம் இதுதான். இனிமேல் போனில் யாரும் போய் எதையும் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு செட்டிங்ஸ் சர்வர் இருக்கும். குரலைக் கொண்டுபோகிற சர்வர் வேறு, இது வேறு. ஒவ்வொரு போனில் இருக்கும் ஆப்பும் அவ்வப்போது இதைக் கூப்பிட்டு, ‘எனக்கு இப்போது என்ன செட்டிங்ஸ்?’ என்று கேட்கும். இது ஒரு சின்ன ஃபைலை அனுப்பும். ஆப் அதன்படி நடக்கும். ஒரே இடத்தில் மாற்றினால் கடலோரம் முழுக்க மாறிவிடும்.

“அப்ப நம்ம எத்திராஜ் இனிமே வெயில்ல அலைய வேணாம்னு சொல்லுங்க” என்றார் ராகவன் சார். எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினேன்.

வயிறு எரிந்தது. நான் போன் போனாக, படகு படகாக வைத்ததை இவர் நாற்காலியில் சாய்ந்தபடி வைக்கிறார். வேலை மோசமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றாக இருந்தது. ஸ்லைடுகூட நன்றாக இருந்தது. மதியம் அவர் ஊரில் இருந்து கொண்டுவந்த காரச்சேவை எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ராகவன் சாருக்கு மாற்றல் வரப்போகிறது. அவர் இடத்துக்கு எங்கள் இரண்டு பேர் பேரும் மேலே போயிருந்தது. கோவளத்தில் இருந்து கல்பாக்கம் வரை இந்தப் புது முறை ஒழுங்காக ஓடினால் தமயந்தி, சொதப்பினால் நான். யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை, ஆனால் கேன்டீன் டீ மாஸ்டருக்கே தெரியும்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். அவருக்கு ‘ரிமோட் ராணி’ என்று பேர் வைத்தேன். பேர் ஆபீஸில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவர் அனுப்பிய டாக்குமென்ட் ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்தேன், ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில், கடைசியாக வந்ததை மட்டும் திறக்கவே இல்லை.

புது முறைக்கு முதல் பெரிய வேலை, குரலைக் கொண்டுபோகும் பழைய சர்வரை அணைத்துவிட்டு எல்லாப் போனையும் புது சர்வருக்கு மாற்றுவது. அதைத்தான் அன்று விடிகாலையில் செய்திருந்தார்கள்.

4. ஓடும் போன், ஓடாத போன்

ராகவன் சார் என்னைக் கோவளத்துக்குப் போகச் சொல்வதற்கு முன்பே நான் பைக்கை எடுத்துவிட்டேன். கேளம்பாக்கம் சிக்னலில் நின்றபோது படூர் பக்கம் தெரிந்த உயரமான கட்டடங்களைப் பார்த்தேன். அதில் ஏதோ ஒன்றில்தான் தமயந்தி குடியிருந்தார். இப்போது லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது, வெயில்கூட உறைக்கவில்லை.

கோவளத்தில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனதும் ஸ்டெல்லா என் கையில் போனைத் திணித்தார்.

“காத்து ஏறிகினு வருது அண்ணாத்த. என் தம்பி உள்ள கீறான், இன்னும் நெறைய போட்டு உள்ள கீது. திரும்பி வாங்கடான்னு சொல்லணும். ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டா எவனும் எடுக்க மாட்டேங்குறான். வாக்கி இருந்தா ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும்.”

கடலைப் பார்த்தேன். பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆனால் கரையில் நின்றவர்கள் யாரும் உட்காரவில்லை.

பக்கத்தில் ஐஸ் விற்கும் கபீர் பாய் சொன்னார். “எனுக்கு ஓடுதே. இப்பதான் மாமல்லபுரம் ஹோட்டல்காரன் ஐஸ் கேட்டான், வாக்கிலதான்.”

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். போன மாதம் வாங்கிய புதுப் போன். ஜம்மென்று ஓடியது. ஸ்டெல்லாவின் போனில் அந்த மெனுவைத் திறந்தேன். சர்வர் என்ற இடத்தில் பேர் இல்லை, நம்பர் இருந்தது. பழைய சர்வரின் நம்பர். நான் அடித்தது. அடுத்தவர் போனை வாங்கினேன், அதிலும் நான் அடித்த நம்பர். அதற்கடுத்ததிலும் அதுவே. அணைத்துவிட்ட சர்வரை அந்தப் போன்கள் எல்லாம் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தன.

ஓடாதது அத்தனையும் நான் கை வைத்த போன்கள். நான் தொடாதது எல்லாம் ஓடியது.

ஆனால் ஒன்று இடித்தது. தமயந்தியின் சர்வர் எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டுமே. ஏன் என்னுடையதை மட்டும் விட்டது?

5. அது யார் செட்டிங்ஸ்

அந்த நேரத்தில் தமயந்தியே கூப்பிட்டார்.

“எத்திராஜ், ஏதாவது தெரிஞ்சுதா?”

“பார்த்துகினு கீறேன்” என்றேன். பிறகு சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “ஆமா, கையால வெச்ச செட்டிங்ஸ் இருந்தா உங்க சர்வர் அத்த மாத்தாதா?”

“மாத்தாது. கடைசி டாக்குமென்ட்ல போட்டிருந்தேனே. கையால வெச்சது எதுவா இருந்தாலும் விட்டுடணும்னு நான்தான் ரூல் போட்டேன். எங்க பிரிவுல எல்லாரும் வேணாம்னுதான் சொன்னாங்க. கோவளத்துல எத்திராஜ் கை வெச்ச போன்ல நாம கை வைக்கக் கூடாது, அந்தக் கடலுக்கு எது சரிவரும்னு அவருக்குத்தான் தெரியும்னு சண்டை போட்டு வாங்கினேன். தகவல் அனுப்புற டைமரைத்தானே மாத்தியிருப்பீங்க, அதனால ஒண்ணும் ஆகாது. ஏன், அதுல எதுவும் இருக்கா?”

‘ரிமோட் ராணி’ என்று நான் பேர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் இவர் சென்னையில் உட்கார்ந்து என் கைக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அவர் பார்க்கும் திரையில் ‘கையால் வைத்தது’ என்ற குறி மட்டும்தான் தெரியும், எதை வைத்தோம் என்பது தெரியாது. நம்பர் விஷயம் அந்தக் கரையில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பதில் சொல்வதற்குள் ராகவன் சார் கால் வந்தது. எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே காலில் போட்டுக்கொண்டார். நல்ல கோபம்.

“தமயந்தி, மேல இருந்து என்னைப் பிடுங்கறாங்க. உங்க முறை வேணாம், நிறுத்திடலாம். பழைய சர்வரை மறுபடி ஆன் பண்ண ஏற்பாடு பண்ணுங்க. மதியம் ஆனாலும் ஆகட்டும். எத்திராஜ், நீங்க அங்கதானே இருக்கீங்க, என்ன நிலைமை?”

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ராகவன் சார் இடம் எனக்கு. பொய்கூடச் சொல்ல வேண்டாம். ‘பார்த்துகினு கீறேன் சார்’ என்று இன்னொரு தடவை சொன்னால் முடிந்தது.

அப்போது ராகவன் சாரே ஒன்று சொன்னார். “கோவளத்துக்கு மட்டும் உங்க சர்வர் ஏதோ குப்பை செட்டிங்ஸை அனுப்பி வெச்சிருக்கு, தமயந்தி. அவ்ளோதான் விஷயம்.”

இதைப் படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது. காற்று ஏறியதும் என் கண்ணில் பட்டது, ஸ்டெல்லாவின் முகமும் பட்டது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் என் வாயைத் திறக்க வைத்தது அந்தப் பேச்சு. நான் வாந்தி எடுத்துக் கண்டுபிடித்தது, தெருத் தெருவாக என் விரலால் அடித்தது, அதைக் குப்பை என்கிறார். அதையும் தமயந்தி பேரில் எழுதுகிறார். என்னால் தாங்க முடியவில்லை.

“சார், அது அவங்க அனுப்புன செட்டிங்ஸ் இல்ல” என்றேன். “அது என்னுது. நான் கையால வெச்சது. சர்வர் பேருக்குப் பதிலா நம்பர அடிச்சு வெச்சேன். அவங்க சர்வர் அத்த மதிச்சு வுட்டுடுச்சு. தப்பு அவங்க கிட்ட இல்ல.”

ஸ்டெல்லா என் சட்டையை இழுத்து, “இன்னாவாம்?” என்றார்.

ராகவன் சார் இறங்கி வந்தார். “இப்ப என்ன பண்றது?”

“அந்த ரூலை எடுத்துட்டா போதும் சார்” என்றார் தமயந்தி. “எல்லா போனும் புதுசை வாங்கிக்கும்.” அப்புறம் அவர் கேட்டது ராகவன் சாரை இல்லை. “எத்திராஜ், எடுக்கட்டுமா? நீங்க வெச்சதெல்லாம் போயிடும். டைமரும் போயிடும்.”

“எடுங்க” என்றேன்.

ஸ்டெல்லாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மெனுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அடித்த நம்பர் இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. பிறகு அந்த இடத்தில் ஒரு பேர் வந்து உட்கார்ந்தது. டொய்ங் என்ற சத்தம் வரவில்லை, அதற்குப் பதிலாகக் காற்றிரைச்சலோடு ஒரு குரல் வந்தது. “கரை, கரை, கேக்குதா? இன்னாடா எவனும் பேச மாட்டேங்குறீங்க?”

ஸ்டெல்லா போனைப் பிடுங்கி, “டேய், திரும்புங்கடா எல்லாரும்!” என்று கத்தினார். அது ஸ்டெல்லாவின் தம்பி என்று அப்புறம்தான் தெரிந்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாத்த கை வெச்சா போதும்பா.”

“நான் இன்னா பண்ணேன்? படூர்ல ஒரு மேடம் வூட்ல உக்காந்துகினு பண்ணாங்க” என்றேன்.

“எந்த மேடம்?” என்றார் ஸ்டெல்லா. “நீங்கதான் போனப் புடிச்சிகினு நின்னீங்க, நான் பார்த்தேனே.”

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. கபீர் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

6. கைராசி

ராகவன் சார் இடம் தமயந்திக்குப் போனது. நான் போய்ச் சால்வை போட்டேன். முடிச்சுப் போட்டு இறுக்கிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, அதையும் மறைக்கவில்லை.

அவர் புது சீட்டில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். “எல்லாப் போன்லயும் ரூலை எடுத்துட்டேன். உங்க போன்ல மட்டும் விட்டு வெச்சிருக்கேன். அதுல நீங்க கையால என்ன வேணா மாத்திப் பாருங்க. சரியா வந்தா சொல்லுங்க, எல்லாருக்கும் அனுப்பிடறேன்.”

எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் கோவளத்து டைமர் என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சர்வர் அனுப்பியது ஊருக்குள் இருப்பவர்களுக்கானது. கடலில் மறுபடி குரல் அறுந்து அறுந்து வந்தது. என் போனை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் தம்பி படகில் போனேன். இந்தத் தடவையும் வாந்தி எடுத்தேன். பழைய அளவு இப்போதைய போன்களுக்கு ஒத்துவரவில்லை. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஒரு அளவு பிடித்து அவரிடம் சொன்னேன். அவர் கடலோரத்துக்கு மட்டும் என்று ஒரு குரூப் போட்டு அனுப்பினார். நான் தெருத் தெருவாகப் போயிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும் வேலை, நான் டீ குடித்து முடிப்பதற்குள் கல்பாக்கம் வரை போய்ச் சேர்ந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, சர்வர் பேர் இருக்கும் இடத்தில் நம்பரை அடிக்காதீர்கள். அவசரத்துக்கு அடித்தால், அடித்தேன் என்று நடுவில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கைவேலை உங்களோடு மட்டும் இருந்தால் அது ஒருநாள் ஊரையே ஊமையாக்கும். இரண்டு, பொறாமை வந்தால் வரட்டும். என்னை விட்டு அது இன்னும் போகவில்லை, உங்களை விட்டும் போகாது. ஆனால் நான் பொறாமைப்பட்டுப் படித்த அளவுக்குத் தமயந்தியின் வேலையை வேறு யாரும் படித்ததில்லை. கடைசி டாக்குமென்டையும் திறந்திருந்தால் அந்தக் காலை நடந்தே இருக்காது. பொறாமைப்படுகிறவன் அதை அரைகுறையாகச் செய்யக் கூடாது.

போன வாரம் ஸ்டெல்லா கூப்பிட்டார். இப்போதெல்லாம் கோவளத்தில் இருந்து எனக்குப் போனே வருவதில்லை, அதனால் முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

“அண்ணாத்த, வாக்கி இப்ப சூப்பரா கீது. எவ்ளோ தூரம் போனாலும் கொரல் அறுந்து போவல. பேட்டரியும் சாயங்காலம் வரிக்கும் நிக்குது. புதுசா யாரோ மேடம் வந்துகீறாங்களாமே, அவங்கதான் வெச்சாங்கன்னு தம்பி சொன்னான். நல்ல கைராசி அண்ணாத்த அவங்களுக்கு.”

அது நான் வைத்த டைமர். சொல்ல வாய் வரை வந்தது.

“ஆமா ஸ்டெல்லாம்மா, நல்ல கைராசிதான்” என்றேன்.

போனை வைத்த பிறகும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.